'அனுப்புது' எப்போது 'அனுப்போணும்' ஆகும்? ஸ்பானிய சப்ஜங்டிவ், ஒரு திருப்பூர்க்காரனின் முழு வழிகாட்டி

சாம்பிளைத் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன் என்று ஸ்பெயின் பையர் ஒருவருக்கு ஸ்பானியத்திலேயே ஒரு வரி மெயில் போட்டேன். நமக்கும் அந்த மொழி தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசைதான். குளிர்காலம் என்பதால் நமக்கு மத்தியானம் ஒன்றரை ஆகும்போதுதான் அங்கே காலை ஒன்பது. இரண்டு மணிக்குப் பதில் வந்தது: "நான் எந்தச் சாம்பிளை அனுப்ப வேண்டும்?" கூரியர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன். கடைசியில் பார்த்தால், ஓர் எழுத்தின் தலைமேல் போட வேண்டிய சின்னக் கோட்டை விட்டிருக்கிறேன். 'அனுப்பினேன்' என்பது 'அனுப்புங்க' ஆகிவிட்டது. பையருக்கே உத்தரவு போட்டிருக்கிறேன்!

அந்த 'அனுப்புங்க'தான் ஸ்பானியத்தின் நிகழ்கால சப்ஜங்டிவ், அதாவது நடப்பதை அல்லாமல் வேண்டுவதை, சந்தேகப்படுவதைச் சொல்லும் வினை வடிவம். புத்தகங்கள் இதை நாற்பது ஐம்பது விதிகளாக அடுக்கிப் பயமுறுத்தும். கொங்குத் தமிழ் பேசுகிற நமக்கு அதில் முக்கால்வாசி ஏற்கனவே வாயில் இருக்கிறது என்பது என் கட்சி. மீதிக் கால்வாசியில் தமிழே நம்மைக் காலை வாரிவிடும். அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும்.

எழுத்தைப் பற்றி ஒரு பேச்சு

ஸ்பானியச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதப்போகிறேன். அந்த மொழியில் உயிர் ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. எல்லாம் நம்ம குறில் மாதிரிதான். அழுத்தம் விழுகிற அசையை மட்டும் நெடிலாகக் காட்டுகிறேன், அதைக் கூர்ந்து பாருங்கள். தகரம் நாக்கு பல்லில் படுகிற நம் தகரமேதான். ஆங்கிலப் பழக்கத்தில் டகரம் ஆக்கிவிடாதீர்கள். ஞகரம்கூட உண்டு: நாளைக்கு என்பது 'மஞ்ஞான'. 'வி' என்று எழுதுவதையும் 'பஸ்' என்கிறபோது வரும் பகரமாகத்தான் சொல்வார்கள். சகரம் வரும் சில இடங்களில் ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். நான் லத்தீன் அமெரிக்க ஒலியிலேயே எழுதுகிறேன்.

படி 1: இது காலம் இல்லை, மனசு

என் அம்மாயி வாசலில் நின்று வானத்தைப் பார்த்து "மழை பெய்யோணும்" என்பாள். "மழை பெய்யுது" என்றால் அது தகவல். யார் வேண்டுமானாலும் வெளியே போய்ச் சரிபார்க்கலாம். "பெய்யோணும்" என்கிறபோது அந்த மழை அவள் மனசுக்குள் மட்டும்தான் பெய்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பானியத்தில் சாதாரண வினைக்கும் சப்ஜங்டிவுக்கும் உள்ள வித்தியாசம். நடப்பதாகச் சொல்கிறாயா, இல்லை வேண்டுகிறாயா, சந்தேகப்படுகிறாயா, இன்னும் நடக்காததை எதிர்பார்க்கிறாயா?

தமிழ் இதற்கு வினைக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டுகிறது: பேச்சில் 'ஓணும்', 'ட்டும்', எழுத்தில் 'க'. பள்ளிக்கூடத்தில் வியங்கோள் என்று படித்திருப்போம். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று நான்கு வேலை சொல்வார்கள். ஸ்பானியக்காரர்கள் கூட்டத்தில் கையைத் தூக்கி "பீப!" என்று கத்துகிறார்களே, அது 'வாழ்' என்ற வினையின் சப்ஜங்டிவ். அப்படியே நம்ம "வாழ்க!" இறந்தவருக்குச் சொல்வது "கெ தெஸ்கான்செ என் பாஸ்", அமைதியில் இளைப்பாறட்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைத் தாண்டிப் போகும்போது ஸ்பெயினில் "கெ அப்ரொபேச்செ" என்பார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டட்டும் என்பதுபோல. இந்த மூன்றிலும் வருவது வியங்கோள் வேலைதான்.

ஒரு வித்தியாசம். 'வாழ்க' என்பது நீ, அவர், நாம் யாருக்கும் மாறாது. ஸ்பானியத்தில் ஆளுக்கு ஒன்று, மொத்தம் ஆறு.

படி 2: பெண் கொடுத்துப் பெண் எடுத்தல்

ஸ்பானிய வினைகள் மூன்று வீட்டுக்காரர்கள். 'ஆர்' என்று முடிவது ஒரு வீடு. 'ஏர்', 'ஈர்' என்று முடிகிற இரண்டும் பங்காளிகள். சாதாரணமாக ஆர் வீட்டில் அகரம் குடியிருக்கும், பங்காளி வீடுகளில் எகரம் அதிகம் புழங்கும். சப்ஜங்டிவ் வந்தால் இரு தரப்பும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும். ஆர் வீட்டுக்கு எகரம் வரும், ஏர், ஈர் வீட்டுக்கு அகரம் போகும். உருவத்தைப் பொறுத்தவரை விஷயம் இவ்வளவுதான்.

செய்முறை: 'நான்' என்பதற்கான நிகழ்கால வடிவத்தை எடுங்கள், கடைசி ஒகரத்தைக் கழற்றுங்கள், எதிர்வீட்டு உயிரைப் போடுங்கள்.

'மந்தார்' என்றால் அனுப்பு. நான் அனுப்புகிறேன்: மாந்தொ. ஒகரம் போனால் மிச்சம் 'மாந்த்'. இனி எகரம்:

நான்: மாந்தெ
நீ: மாந்தெஸ்
அவர், நீங்க: மாந்தெ
நாங்க: மந்தேமொஸ்
நீங்க எல்லாரும் (ஸ்பெயினில் மட்டும், நெருங்கியவர்களிடம்): மந்தேய்ஸ்
அவங்க, நீங்க எல்லாரும்: மாந்தென்

'ரெஸ்பொந்தேர்', பதில் சொல். நான் வடிவம் ரெஸ்போந்தொ. ஏர் வீடு என்பதால் அகரம்: ரெஸ்போந்த, ரெஸ்போந்தஸ், ரெஸ்போந்த, ரெஸ்பொந்தாமொஸ், ரெஸ்பொந்தாய்ஸ், ரெஸ்போந்தன். 'எஸ்க்ரிபீர்', எழுது, அதுவும் இதே அச்சு: எஸ்க்ரீப, எஸ்க்ரீபஸ், எஸ்க்ரீப, எஸ்க்ரிபாமொஸ், எஸ்க்ரிபாய்ஸ், எஸ்க்ரீபன்.

முதலாவதும் மூன்றாவதும் ஒரே வடிவம் என்பதைக் கவனித்தீர்களா? 'மாந்தெ' என்று மட்டும் சொன்னால் நானா அவரா என்று தெரியாது. குழப்பம் வரும் இடத்தில் 'யோ' (நான்) அல்லது 'உஸ்தேத்' (நீங்க) சேர்த்துக்கொள்வது நல்லது.

'கொசேர்' என்றால் தைப்பது. நம்ம ஊர் வினை! அதன் சப்ஜங்டிவ் 'கோச'. அதே 'கோச'வுக்குப் 'பொருள், விஷயம்' என்ற அர்த்தமும் உண்டு. டைலர் செக்‌ஷனை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல் மறக்காது.

படி 3: அழுத்தம், அதாவது என் கூரியர் பில்

இப்போது அந்த மெயிலுக்கு வருவோம். 'மாந்தெ' என்று முதல் அசையில் அழுத்தினால் 'அனுப்புங்க'. 'மந்தே' என்று கடைசியில் அழுத்தினால் 'அனுப்பினேன்', இறந்தகாலம். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான். இறந்தகாலத்தில் கடைசி உயிரின் தலைமேல் ஒரு சாய்கோடு வரும். "மாந்தெ ல முவேஸ்த்ர எல் லூனெஸ்": சாம்பிளைத் திங்கட்கிழமை அனுப்புங்க. "மந்தே ல முவேஸ்த்ர எல் லூனெஸ்": சாம்பிளைத் திங்கட்கிழமை அனுப்பினேன். 'திங்கட்கிழமை' என்பது போனதா வரப்போவதா என்று ஸ்பானியத்தில் அந்தச் சொல் காட்டாது. ஆக, கோடு ஒன்றுதான் சாட்சி. ஆர் வீட்டின் ஒழுங்கான வினைகளுக்கெல்லாம் இந்த ஆபத்து உண்டு. போனில் ஸ்பானிய கீபோர்டைச் சேர்த்துவிட்டு எகரத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட எழுத்து மேலே வரும். இன்றைக்கே செய்துவையுங்கள்.

படி 4: இரண்டு ஆள் வேண்டும்

"சாம்பிள் அனுப்ப விரும்பறேன்." விரும்புவதும் நான், அனுப்புவதும் நான். "நீங்க சாம்பிள் அனுப்போணும்னு விரும்பறேன்." இங்கே ஆள் வேறு. தமிழ் முதலாவதில் 'அனுப்ப' என்று நிறுத்திக்கொள்கிறது. இரண்டாவதில் 'அனுப்போணும்' வந்து, பின்னால் 'னு' ஒட்டுகிறது. ஸ்பானியம் அச்சு அசலாக இதையே செய்கிறது.

"கியேரொ மந்தார் ல முவேஸ்த்ர." ஒரே ஆள், வினையின் மூல வடிவம்.
"கியேரொ கெ உஸ்தேத் மாந்தெ ல முவேஸ்த்ர." ஆள் மாறியது, 'கெ' வந்தது, சப்ஜங்டிவ் வந்தது.

'கெ' என்பது நம்ம 'னு'. தமிழில் வாக்கியத்துக்குப் பின்னால் ஒட்டும், ஸ்பானியத்தில் முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் யோசித்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தமிழில் யோசியுங்கள், தானாக வரும்.

படி 5: எங்கெல்லாம் வரும்

விருப்பம், வேண்டுதல், அவசியம் மூன்றும் 'ஓணும்' வகை. "எஸ் நெசெசாரியொ கெ ரெஸ்போந்த ஓய்": இன்னிக்கே பதில் சொல்லோணுங்க. ஆனால் "எஸ் பெர்தாத் கெ ரெஸ்போந்தெ": அவர் பதில் சொல்கிறார் என்பது உண்மை. உண்மை என்று அடித்துச் சொல்கிறபோது மனசுக்கு அங்கே வேலை இல்லை, சாதாரண வடிவம் போதும்.

நோக்கம்: 'பார கெ', அதாவது '-றதுக்காக'. "லெ மாந்தொ ல ஃபோத்தொ பார கெ ரெபீசெ எல் கொலோர்": நீங்க கலர் சரிபார்க்கட்டும்னு போட்டோ அனுப்பறேன். லேப் டிப், அதாவது சாயம் சரியா என்று பார்க்க முதலில் நனைத்துக் காட்டும் துணித்துண்டு, அதன் அப்ரூவலுக்கு நான் தினமும் எழுதுகிற வரி இது.

ஏக்கம்: 'ஒஹலா'. அரபு மூலம் கொண்ட சொல், இறைவன் நாடினால் என்ற பொருளில் பிறந்தது. "ஒஹலா மாந்தென் எல் பாகொ ஓய்": இன்னிக்காவது பணத்தை அனுப்பட்டும் சாமி! இதற்குக் கொங்குத் தமிழில் மொழிபெயர்ப்பே தேவையில்லை.

சந்தேகம், மறுப்பு: இங்கே தமிழ் உதவாது, உஷார். "இன்னிக்கு ஆர்டர் அனுப்பறாங்கன்னு நினைக்கறேன்", "இன்னிக்கு ஆர்டர் அனுப்பறாங்கன்னு தோணலீங்க." தமிழில் 'அனுப்பறாங்க' இரண்டிலும் மாறவில்லை. ஸ்பானியத்தில் மாறும்: "க்ரேயொ கெ மாந்தன் எல் பெதீதொ ஓய்", ஆனால் "நொ க்ரேயொ கெ மாந்தென் எல் பெதீதொ ஓய்." நம்பினால் அகரம், நம்பாவிட்டால் எகரம்.

இதே இடத்தில் இன்னொரு குழி. நாம் 'நம்பறேன்' என்பதை இரண்டு அர்த்தத்தில் சொல்கிறோம். உறுதியாக நினைப்பதும் நம்பிக்கை, நல்லது நடக்கும் என்று காத்திருப்பதும் நம்பிக்கை. முதலாவது 'க்ரேயொ கெ', சாதாரண வடிவம். இரண்டாவது 'எஸ்பேரொ கெ', சப்ஜங்டிவ். "ஆர்டரை நாளைக்கு அனுப்புவாங்கன்னு நம்பறேன்" என்று சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக் கேளுங்கள்: தெரிந்து சொல்கிறேனா, வேண்டிக்கொண்டு சொல்கிறேனா? நம்ம டையிங் யூனிட்டில் துணி எடுக்கப் போனவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

'கிசாஸ்', 'தல் பேஸ்' (ஒருவேளை) வந்தால் இரண்டு வடிவமும் செல்லும். சந்தேகம் கூடினால் சப்ஜங்டிவ். அதற்கு மேல் மண்டையை உடைக்காதீர்கள்.

படி 6: 'வந்ததும்', 'வந்தா'

எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது இதுதான். "துணி கைக்கு வந்ததும் போட்டோ அனுப்பறேன்" என்கிறோம். துணி இன்னும் வரவில்லை, இருந்தாலும் தமிழ் 'வந்த' என்று இறந்தகால உருவத்தைப் போடுகிறது. அந்தப் பழக்கத்தில் ஸ்பானியத்திலும் இறந்தகாலத்துக்குக் கை போகும். போகக்கூடாது. இனி நடக்கப்போவது என்றால் 'க்வாந்தொ' (எப்போது வந்தாலும், அப்போது) பின்னால் சப்ஜங்டிவ்: "க்வாந்தொ ரெசீப ல தேல, லெ மாந்தொ ல ஃபோத்தொ." தினப்படி வழக்கம் என்றால் சாதாரண வடிவம்: "க்வாந்தொ ரெசீபொ ல தேல, லெ மாந்தொ ல ஃபோத்தொ", துணி வரும்போதெல்லாம் போட்டோ அனுப்புவேன். ஓர் உயிரெழுத்து மாறினால் வாக்குறுதி வழக்கமாகிவிடும்.

'வந்தா' என்கிற நிபந்தனைக்கு 'சி'. இதற்குப் பின்னால் நிகழ்கால சப்ஜங்டிவ் வரவே வராது. "சி மாந்தன் ல தேல மஞ்ஞான" என்பது சரி, "சி மாந்தென்" தப்பு. மனசுக்குள் இருக்கும் விஷயம்தானே, ஏன் வராது என்று கேட்டால் எனக்குப் பிடித்த பதில் எதுவும் இல்லை. வழக்கு அப்படி. மனப்பாடம் செய்யுங்கள்.

படி 7: தேடுகிற மில், தெரிந்த மில்

"ஆர்கானிக் நூல் விக்கிற மில் ஒண்ணு தேடறேன்." "ஆர்கானிக் நூல் விக்கிற மில் ஒண்ணு எனக்குத் தெரியும்." 'விக்கிற' இரண்டிலும் ஒன்றே. ஆனால் முதல் மில் எங்கே இருக்கிறது? இருக்கிறதா என்றே தெரியாது. என் தேவைக்குள் மட்டும் இருக்கிற மில் அது. இரண்டாவது மில்லுக்கு விலாசம் உண்டு, வாட்ச்மேன் உண்டு. ஸ்பானியம் இதை விடாது:

"பூஸ்கொ உன ஃபாப்ரிக கெ பேந்த ஈலொ ஒர்கானிகொ." தேடுகிறேன்: பேந்த, சப்ஜங்டிவ்.
"கொனோஸ்கொ உன ஃபாப்ரிக கெ பேந்தெ ஈலொ ஒர்கானிகொ." தெரியும்: பேந்தெ, சாதாரணம்.

மெயிலில் 'பேந்தெ' என்று எழுதிவிட்டால் எதிரில் இருப்பவர் "ஓ, குறிப்பிட்ட ஒரு மில்லை மனசில் வைத்துத் தேடுகிறார்" என்று எடுத்துக்கொள்வார். வேறு மில் பேரைச் சொல்லமாட்டார். எனக்கு ஸ்பானியம் மேல் மரியாதை வந்தது இந்த ஓர் உயிரெழுத்தால்தான்.

படி 8: வாங்க சாமி, அனுப்புங்க

நம்ம பக்கம் பத்து வயசுப் பையனையும் "வாங்க சாமி, சாப்புடுங்க" என்றுதான் கூப்பிடுவோம். அந்த 'ங்க'வுக்கு ஸ்பானியத்தில் 'உஸ்தேத்'. அது 'புவேஸ்த்ர மெர்சேத்' என்ற பழைய மரியாதைச் சொற்றொடர் தேய்ந்து வந்தது. 'தங்கள் தயவு' என்பதுபோல. நேரில் நிற்பவரை நேராகச் சுட்டாமல் அவர் தயவைச் சுட்டினார்கள். அதனால்தான் 'நீங்க' என்று சொல்லும்போதும் வினை 'அவர்' வடிவில் வருகிறது. உத்தரவு போட வேண்டுமென்றால்? தயவுக்கு உத்தரவு போட முடியுமா? 'தங்கள் தயவு அனுப்பட்டும்' என்று வேண்டத்தான் முடியும். ஆக, மரியாதை ஏவல் எல்லாம் சப்ஜங்டிவ்: "மாந்தெ", "ரெஸ்போந்த", "எஸ்க்ரீப". பலரிடம் என்றால் "மாந்தென்".

நெருங்கியவரிடம் 'அனுப்பு' என்பது "மாந்த", சாதாரண வடிவம். 'அனுப்பாதே' என்று தடுக்கும்போது மட்டும் அங்கும் சப்ஜங்டிவ்: "நொ மாந்தெஸ் எல் பெதீதொ தொதபீய", ஆர்டரை இப்போதைக்கு அனுப்பாதே. 'எனக்கு' என்பது ஏவலில் வாலாக ஒட்டும், மறுப்பில் முன்னால் போகும்: "மாந்தெமெ ல ஃபக்தூர", பில்லை எனக்கு அனுப்புங்க, "நொ மெ மாந்தெ ல ஃபக்தூர", அனுப்பாதீங்க.

மெக்சிகோக்காரர்களிடம் போனில் பேசினால் இன்னொரு சுவாரசியம். காதில் விழாவிட்டால் "மாந்தெ?" என்பார்கள். எதையும் அனுப்பச் சொல்லவில்லை. 'மந்தார்' என்பதற்குக் கட்டளையிடு என்ற பொருளும் உண்டு. 'உத்தரவிடுங்க' என்று பணிவாகக் கேட்பது தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. நம்ம "என்னுங்க?" இருக்கிறதே, அதே தொனி.

படி 9: எழுத்துக்கூட்டு, அடங்காதவை

சில வினைகள் காதுக்கு ஒழுங்கு, எழுத்தில் மட்டும் மாறும். 'பகார்', பணம் கொடு. சப்ஜங்டிவ் 'பாகெ'. ஸ்பானிய எழுத்தில் ஜிக்குப் பின்னால் ஈ வந்தால் ஹகர ஒலியாகிவிடும். அதைத் தடுக்க நடுவில் ஒரு யூ போடுவார்கள். அதை உச்சரிக்கக் கூடாது. 'புஸ்கார்' (தேடு) 'பூஸ்கெ' ஆகும்போது சி போய்க் கியூவும் யூவும் வரும். இசட்டில் முடிவது சியாகும். வாய்க்கு ஒன்றும் வேலை இல்லை.

'தேங்கொ' (எனக்கு இருக்கிறது), 'ஆகொ' (செய்கிறேன்) போன்றவை நான் வடிவத்திலேயே கோணல். ஆனால் படி 2-ஐ அப்படியே ஓட்டினால் 'தேங்க', 'ஆக' என்று சரியாக வரும். அடங்காதவை ஆறு. நான் வடிவம் வெறும் ஒகரத்தில் முடியாதவை அவை, கழற்ற ஒன்றுமில்லை. சேர் (இரு), எஸ்தார் (நிலையில் இரு), ஈர் (போ), அபேர் (துணைவினை), சபேர் (அறி), தார் (கொடு). இவற்றுக்கு முறையே சேஅ, எஸ்தே, பாய, ஆய, சேப்ப, தே.

படி 10: பழக்கம்

அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் படித்தவர்கள் யாரும் பேசி நான் பார்த்ததில்லை. நான் செய்தது வேறு. அவினாசியில் பஸ் ஏறித் திருப்பூரில் இறங்குவதற்குள், முந்தின நாள் வீட்டிலும் ஆபீசிலும் காதில் விழுந்த 'ஓணும்', 'ட்டும்' வாக்கியங்களில் ஐந்தைப் பிடித்து ஸ்பானியத்துக்கு மாற்றுவேன். "தம்பி சீக்கிரம் கையெழுத்துப் போடட்டும்": 'ஃபிர்மார்', ஆர் வீடு, ஆக ஃபீர்மெ. "இந்த மாசமாவது விக்கோணும்": 'பெந்தேர்', ஏர் வீடு, பேந்த. முதல் வாரம் ஒழுங்கான வினைகள் மட்டும்: கொம்ப்ரார் (வாங்கு), கொன்ஃபிர்மார் (உறுதி செய்), ரெபிசார், ரெஸ்பொந்தேர், ரெசிபீர். அடுத்த வாரம் படி 5-இன் சந்தேகக் குழிகள். படி 7-க்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள், அதற்குத் தமிழ் வால் கிடையாது.

கோடு விட்ட அந்த மெயிலைச் சாயங்காலமே திருத்திப் போட்டேன். 'மந்தே', தலைமேல் கோட்டோடு. பையரிடமிருந்து ஒரே வரிப் பதில்: "க்வாந்தொ ரெசீப ல முவேஸ்த்ர, லெ எஸ்க்ரீபொ." இரண்டு வினை இருக்கிறது, எது அவர் மனசில் இருப்பது, எது அவர் தரும் வாக்கு என்று பிரித்துப் பாருங்கள். சாம்பிள் அப்போது கூரியர்காரர் கையில்தான் இருந்தது.